புல்லட் கூட்டம் பிறந்த கதை

அதிகாலை நாலரை மணி. அனுமந்தன்பட்டி மெயின்ரோட்டில் டீக்கடை பாய்லர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. எங்கள் ஐந்து வண்டிகளில் நான்கு பட்டனைத் தட்டியதும் கிளம்பிவிட்டன. ஐந்தாவது, நண்பனின் அப்பா காலத்து புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், கிக்கர் மட்டும்தான். போகிற அவசரத்தில் அவன் ஓங்கி மிதித்தான். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

வழியனுப்ப வந்திருந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் கூட்டுக்கு மேலே பதித்திருக்கும் சின்ன ஆம்ப் மீட்டரின் மேல் டார்ச் வெளிச்சத்தைக் காட்டினார். கிக்கரைக் காலால் மெல்ல, மிக மெல்ல அழுத்தினார்.

"அவசரப்படாத மாப்ள. முள்ளு நடுவுல வரட்டும். அப்புறம் மிதி."

அந்த முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. பழைய புல்லட்டில் தீப்பொறிக்கு வழிசெய்யும் பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து கரண்ட் ஓடும். ஆம்ப் மீட்டர் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் மேலேறி உச்சிக்குப் பக்கத்தில் வரும்போது பாயிண்ட் திறக்கும், முள் நடுவுக்குத் திரும்பும். அந்த நொடியில் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு எடையும் கொடுத்து மிதிக்க வேண்டும். ஒரே மிதியில் வண்டி பேசும். முறை தெரியாதவன் ஐம்பது தடவை மிதித்தாலும் பேசாது. இதை எந்தப் புத்தகத்திலும் படித்து யாரும் பழகியதாக நான் பார்த்ததில்லை. இன்னொருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தனியாக ஓட்டிவிட முடிகிற வண்டியாக இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் தேடிப் போயிருக்கவே மாட்டார்கள்.

நாங்கள் கிளம்பியது கோவாவுக்கு. நவம்பர் பிற்பாதியில் அங்கே வாகத்தோர் மலைமேட்டில் நாடெங்கிலும் இருந்து ராயல் என்ஃபீல்டு ஓட்டுகிறவர்கள் கூடுகிறார்கள். நெடுங்காலம் ரைடர் மேனியா என்ற பெயரில் நடந்தது. 2023 முதல் மோட்டோவர்ஸ் என்கிறார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் இப்படிக் கூடும் வழக்கம் பிறந்த இடம் கோவா அல்ல.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே இந்தியன் என்ற பெயருள்ள மோட்டார் சைக்கிள்களை விற்றுவந்தவர் கிளாரன்ஸ் ஹோயல். ஊரில் எல்லோரும் பாப்பி என்று கூப்பிடுவார்கள். ஜாக்பைன் ஜிப்ஸீஸ் என்று ஒரு கிளப் வைத்திருந்தார். 1938 ஆகஸ்ட் 14 அன்று அந்தக் கிளப் ஒரு பந்தயம் நடத்தியது. ஓட்டியவர்கள் 9 பேர். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தங்க இடம் ஹோயல் வீட்டுக் கொல்லைப்புறம். சமைத்துப் போட்டவர் அவர் மனைவி பேர்ல். 2015-இல் அதே ஊரில் 75-ஆவது விழா நடந்தபோது வந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்களில் எனக்கு முதலாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஒன்பது பேருக்குச் சோறு போட ஒரு வீடு திறந்திருந்ததால்தான் மறுவருடமும் வந்தார்கள்.

இன்னொரு பிறப்பு ஜெர்மனியில். 1950-களின் நடுவில் அங்கே ஜனங்கள் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பைக் ஓட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற பத்திரிகையாளர், சுண்டாப் கே.எஸ். 601 என்ற சைடுகார் வண்டிக்காரர்களைக் கூப்பிட்டார். அந்த வண்டியின் நிறத்தாலும் உருவத்தாலும் அதற்குப் 'பச்சை யானை' என்று பட்டப்பெயர். 1956-இல் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் சாலிட்யூட் பந்தயத் தளத்தில், நடுங்கும் குளிர்காலத்தில், ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. அதுவே 'யானைச் சந்திப்பு' ஆனது. இன்றைக்கும் பவேரியக் காட்டில், பனிக்கு நடுவே, கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். வெயில் காலத்தில் வைத்திருந்தால் இன்னும் பலர் வந்திருப்பார்களே என்று கேட்கலாம். கஷ்டப்பட்டு வந்து சேர்வதற்கு இருக்கும் மதிப்பு எங்கள் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியும். பழனிக்கு நடந்து போகிறவரிடம் பஸ் இருக்கிறதே என்று யாரும் சொல்வதில்லை.

அதே 1956-இல் தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பைக்குகளை இறக்குமதி செய்துகொண்டிருந்த கம்பெனி. இந்திய ராணுவம் ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கி, எல்லைப் பாதைகளுக்குத் தாங்கும் என்று கண்டுகொண்டது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. மறுவருடம் திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்தது. இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்ததை இங்கே பூட்டினார்கள். அந்த வருடம் பூட்டி முடித்தவை 163 வண்டிகள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் கம்பெனியே மூடிப்போனது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. கடற்கரையோரத் தமிழ்த் தொழிலாளர்களின் கை, செத்துப்போயிருக்க வேண்டிய ஒரு வண்டியை உயிரோடு வைத்திருந்தது. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வண்டி பிழைத்ததே தவிர, வாங்குகிறவர்கள் அருகிப்போனார்கள். நூறு சி.சி. ஜப்பான் வண்டிகள் வந்தபிறகு, எங்கள் பள்ளத்தாக்கிலும் புல்லட் என்றால் போலீஸ் இன்ஸ்பெக்டர், எஸ்டேட்காரர், மிலிட்டரியிலிருந்து வந்தவர் என்று ஆகிவிட்டது. 1994-இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2000 வாக்கில் மாதம் 2,000 வண்டி விற்பதே பெரும்பாடு. மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது.

கிளப்புகள் பெருகியது அந்த மெலிந்த காலத்தில்தான். பாயிண்ட் எப்படி வைப்பது, கிளட்ச் எங்கே நழுவுகிறது, எந்த ஊரில் எந்த மெக்கானிக் கை நல்ல கை என்று கேட்டுக் கேட்டு ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். டில்லியில் ராயல் பீஸ்ட்ஸ், சென்னையில் மெட்ராஸ் புல்ஸ் என்று ஊருக்கு ஊர் சேர்ந்தார்கள். இந்தக் கிளப்புகளெல்லாம் பிரதர்ஹுட் ஆஃப் புல்லட்டியர்ஸ் மோட்டார்சைக்கிளிங் கன்சார்ஷியம் என்று ஒரே குடையின் கீழ் வந்தன. வருடம் ஒரு கிளப் பொறுப்பேற்று, மற்றவர்களைத் தன் பக்கத்துக்கு அழைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் ரைடர் மேனியா. கம்பெனி கோவாவில் நடத்தும் விழாவும் அதே பெயரை எடுத்துக்கொண்டது. 2013-இல் எல்லா வண்டிக்காரர்களுக்குமாக இந்தியா பைக் வீக் தொடங்கியதும் கோவாவில்தான். பைக்குக்கும் அந்த மண்ணுக்கும் உறவு பழையது. மஞ்சள் மட்கார்டு போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சியை ஓட்டுகிறவரை அங்கே பைலட் என்றுதான் அழைப்பார்கள்.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. பெரியகுளம் தாண்டியதும் விடிந்தது. திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், பிறகு பெங்களூரு. முன்னால் போகிறவர் வேகத்தைத் தீர்மானிப்பார். கடைசி வண்டியில் வருகிறவரிடம் டூல்ஸ், டியூப், கேபிள், பிளக். அவர் யாரையும் முந்த விடமாட்டோம். அவருக்குப் பின்னால் நம் ஆள் ஒருவன் நின்றுபோனால் தெரியாமலே போய்விடும்.

மறுநாள் சித்ரதுர்கா பக்கம். குன்றுகளின் மேல் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆண்டிபட்டிப் பக்கம் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த இடத்தில் பழைய புல்லட்டின் கிளட்ச் கேபிள் அறுந்தது. கையிருப்பில் இருந்த கேபிளோ புது மாடலுக்கானது, நீளம் சேரவில்லை. கர்நாடகப் பதிவெண் கொண்ட இரண்டு வண்டிகள் கடந்து போய், திரும்பி வந்து நின்றன. ஒருவர் இறங்கி, எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து பழைய மாடல் கேபிளை எடுத்து நீட்டினார். கன்னடம் எங்களுக்குப் புரியவில்லை, தமிழ் அவருக்குப் புரியவில்லை. கேபிளின் முனைக் குமிழை லீவரில் மாட்டும்போது அவர் விரல்களில் இருந்த கரியைப் பார்த்தேன். பணத்தை வாங்க மறுத்துவிட்டார். கோவாவில் இன்னொருத்தனுக்குக் கொடு என்று சைகையால் சொல்லிவிட்டுப் போனார்.

கோவாவில் மேடை உண்டு, பாட்டு உண்டு, மண்தரையில் பந்தயம் உண்டு. அதையெல்லாம் சீக்கிரமே மறந்துவிடுவேன். மறக்காதவை இரண்டு விளையாட்டு. ஒன்று, ஒரு புல்லட்டைக் கழற்றிப்போட்டு மறுபடி பூட்டிக் கிளப்பும் போட்டி. இன்னொன்று, மெதுவாக ஓட்டும் போட்டி: காலைத் தரையில் ஊன்றாமல், கடைசியாக வந்து சேர்பவர் ஜெயித்தவர். ஸ்டர்ஜிஸில் ஒன்பது பேர் வேகத்தில் தொடங்கியது, இங்கே நிதானத்தில் வந்து நிற்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்திருந்தால் இரண்டிலும் அவருக்குத்தான் பரிசு.

கிளம்பிய அந்த விடிகாலையில் மனதில் தங்கிய இன்னொரு காட்சி உண்டு. நாங்கள் வடக்கே போகிறோம். எதிரே, தெற்கு நோக்கி, குமுளிப் பாதையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். வேனில் சிலர், நடந்து சிலர். எங்கள் பைக்குகளில் கட்டியிருந்த பைகளைப் பார்த்து ஒரு சாமி கையை உயர்த்தி, "பார்த்துப் போங்க சாமி" என்றார். யாத்திரை கிளம்பியவருக்கு இன்னொரு யாத்திரைக்காரரைத் தெரிந்திருக்கிறது.

பைக்கில் நம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களுக்கு, மேகமலைக்கோ குமுளிக்கோ போகிற இளைஞர்களுக்கு, ஒரே ஒரு விண்ணப்பம். கார்த்திகை, மார்கழியில் உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை இருட்டில் ஓட்டாதீர்கள். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் வேகத்தைக் குறையுங்கள். கறுப்பும் நீலமும் உடுத்தி ரோட்டோரம் நடந்து போகிற சாமிகள் ஹெட்லைட் வெளிச்சத்தில் கடைசி நொடி வரை தெரியமாட்டார்கள்.