பினோசெட்: தண்டனையின்றி முடிந்த வாழ்வு, முடியாத வழக்கு

தென்னமெரிக்க நாடான சிலியை 1973 முதல் 1990 வரை ஆண்ட ஜெனரல் அகஸ்டோ பினோசெட், 2006 டிசம்பர் 10 அன்று சான்டியாகோ ராணுவ மருத்துவமனையில் தமது 91ஆம் வயதில் இறந்தபோது, கொலை, சித்திரவதை, வரி ஏய்ப்பு எனப் பல வழக்குகள் அவர்மீது நிலுவையில் இருந்தன. அவற்றுள் ஒன்றில்கூட அவர் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. அந்த நாள் உலக மனித உரிமைகள் நாளும்கூட. மருத்துவமனை வாசலில் ஆதரவாளர்கள் அழுது அரற்றிக்கொண்டிருக்க, அதே நகரின் இத்தாலியா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடிப்பாடிக் கொண்டாடினர்.

இறந்தவரை எந்தத் தகுதியில் அடக்கம் செய்வது என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு, அப்போது அதிபராக இருந்த மிச்செல் பாச்லெட்டிடம் வந்து சேர்ந்தது. அவருடைய தந்தை ஆல்பர்ட்டோ பாச்லெட் விமானப்படை ஜெனரலாக இருந்தவர். 1973 ராணுவப் புரட்சியை ஏற்காததால் சக அதிகாரிகளாலேயே சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி 1974 மார்ச்சில் சிறையிலேயே இறந்தார். மிச்செலும் அவருடைய தாயும்கூட வில்லா கிரிமால்டி என்ற ரகசியச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள். அத்தகைய பாச்லெட், முன்னாள் அதிபருக்குரிய அரசு மரியாதையையும் தேசிய துக்கத்தையும் மறுத்து, முன்னாள் தலைமைத் தளபதிக்குரிய ராணுவ மரியாதைக்கு மட்டும் இசைந்தார். பழிவாங்கலுக்கும் பணிந்துபோவதற்கும் இடம் தராத இந்த முடிவு, தேர்தலில் வென்று வராத ஒருவரை அதிபராக நினைவுகூர மக்களாட்சி கடமைப்பட்டதன்று என்பதை உறுதிபடச் சொன்னது. ஆனாலும் பிளவு சவப்பெட்டி வரை வந்தது. ராணுவத்தில் கேப்டனாக இருந்த பினோசெட்டின் பேரன், இறுதிச் சடங்கில் அனுமதியின்றிப் பேசிப் பாட்டனாரின் ஆட்சியைப் புகழ்ந்ததற்காகப் பதவி நீக்கப்பட்டார். பினோசெட்டுக்கு முன் தலைமைத் தளபதியாக இருந்து, 1974இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் பினோசெட் ஆட்சியின் உளவுத்துறை வைத்த குண்டுக்கு மனைவியுடன் பலியான கார்லோஸ் பிராட்ஸின் பேரனோ, அஞ்சலி செலுத்தும் வரிசையில் நின்று, முறை வந்ததும் சவப்பெட்டியின் கண்ணாடிமீது உமிழ்ந்தார்.

பினோசெட்டைப் பற்றிப் பேசும் பலர், பொருளாதாரத்தை வரவுப் பக்கத்திலும் கொலைகளைச் செலவுப் பக்கத்திலும் எழுதி நிகரம் காண முயல்வதுண்டு. இம்முறையே பிழையானது, ஏனெனில் இரண்டையும் செய்தது ஒரே அதிகாரம், ஒன்றில்லாமல் மற்றொன்று நடந்திருக்காது. 1973 செப்டம்பர் 11 அன்று அதிபர் மாளிகைமீது போர்விமானங்கள் குண்டு வீச, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சோசலிஸ்ட் அதிபர் சால்வடார் அலெண்டே அங்கேயே உயிர் துறந்த பிறகு, நாடாளுமன்றம் மூடப்பட்டது, கட்சிகள் முடக்கப்பட்டன, மையத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடைசெய்யப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்றதால் 'சிகாகோ பாய்ஸ்' என்று அழைக்கப்பட்ட பொருளியலாளர்கள், 1975இல் அரசுச் செலவைச் சடாரென வெட்டி, இறக்குமதி வரிகளைக் குறைத்து, அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றபோது, எதிர்த்துக் கேட்கக்கூடியவர்கள் சிறையிலோ நாடுகடத்தலிலோ மண்ணுக்கடியிலோ இருந்தார்கள்.

அலெண்டேயின் இறுதிக் காலத்தில் பணவீக்கம் கட்டுமீறிப் போயிருந்ததும், பினோசெட் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் வளர்ச்சி விரைவாக இருந்ததும் உண்மையே. ஆயினும் இடையில் 1982இல் பொருளாதாரம் ஏறத்தாழ 14 விழுக்காடு சுருங்கியதையும், சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று சொன்ன அரசு அடுத்த ஆண்டே வங்கிகளைத் தன் பொறுப்பில் எடுக்க நேர்ந்ததையும் மறைத்துவிட்டு 'சிலி அதிசயம்' என்று எழுதுவது நேர்மையாகாது. 1987இல் மக்களுள் சுமார் 45 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். அந்த அளவு பெருமளவு குறைந்தது 1990க்குப் பிந்தைய மக்களாட்சி அரசுகளின் காலத்தில்தான். நாட்டின் முதன்மை வருவாயான தாமிரத்தையோ பினோசெட் விற்கவேயில்லை. அலெண்டே காலத்தில் நாட்டுடைமையான பெருஞ்சுரங்கங்கள் கொடெல்கோ என்ற அரசு நிறுவனத்தின்கீழ் நீடித்தன. அதன் தாமிர ஏற்றுமதி வருவாயில் 10 விழுக்காடு ஆயுதக் கொள்முதலுக்காக ராணுவத்துக்குச் சென்றது. தொழிலாளர் ஊதியத்தில் 10 விழுக்காட்டைத் தனியார் நிறுவனங்களின் கணக்கில் கட்டாயமாகச் சேர்க்கும் புதிய ஓய்வூதிய முறை 1981இல் நடைமுறைக்கு வந்தபோதும், ராணுவத்தினருக்குப் பழைய அரசு ஓய்வூதியமே தொடர்ந்தது. மக்களுக்கு நல்லது என்று விதித்த ஒன்றை ஆட்சியாளர்கள் தமக்கு வேண்டாம் என ஒதுக்கிக்கொண்ட இந்த ஒரு செய்தி, அந்தப் பொருளாதாரத்தைப் பற்றிப் பல நூல்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் 3,200க்கு மேற்பட்டவர்கள் என்பது அரசு அமைத்த உண்மை கண்டறியும் குழுக்கள் வழியே ஏற்கப்பட்ட எண்ணிக்கை. சித்திரவதைக்கும் அரசியல் சிறைக்கும் ஆளாகி உயிர் பிழைத்தோராக 38,000க்கு மேற்பட்டோரை அக்குழுக்களுள் ஒன்றான வலெச் ஆணையம் பதிவு செய்தது. 1978இல் லோன்கென் என்னுமிடத்துச் சுண்ணாம்புக் காளவாய்களில் 15 உடல்கள் கிடைத்தபின், மற்ற இடங்களில் புதைத்தவற்றையும் தோண்டியெடுத்து அழிக்குமாறு ராணுவத்துக்குள் ரகசிய உத்தரவு சென்றது; வேறு சில உடல்கள் தண்டவாளத் துண்டுகளுடன் கட்டப்பட்டுக் கடலில் வீசப்பட்டிருந்தன. இதனால்தான் அட்டகாமா பாலைவனத்தில் பல்லாண்டுகள் மணலைக் கிளறித் தம் உறவினரைத் தேடிய காலாமா நகரத்துப் பெண்களுக்கு, முழு உடலுக்குப் பதிலாக எலும்புத் துணுக்குகள் மட்டுமே கிடைத்தன. புரட்சி நாளிலிருந்து 1978 மார்ச் வரை நடந்த குற்றங்களுக்கு ஆட்சி தனக்குத்தானே வழங்கிக்கொண்ட பொதுமன்னிப்பு, நெடுங்காலம் நீதிமன்றங்களின் கையைக் கட்டியிருந்தது.

1988 பொதுவாக்கெடுப்பில் 56 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றபோதும், 44 விழுக்காட்டினர் பினோசெட்டின் ஆட்சி நீடிக்க வேண்டும் என்றே வாக்களித்திருந்தனர். ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோனின் ஆணைப்படி 1998 அக்டோபரில் லண்டனில் அவர் கைதானபோது இந்த ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தனர்; அமெரிக்க ரிக்ஸ் வங்கியில் அவர் போலிப் பெயர்களில் பணம் மறைத்து வைத்திருந்தது 2004இல் அம்பலமானபோதுதான் அவர்களுள் பலர் விலகினர். பிணங்கள் அசைக்காத மனங்களைப் பணம் அசைத்தது என்பது சிலியின் வரலாற்றில் மிகவும் வேதனை தரும் உண்மைகளுள் ஒன்று.

அவர் விட்டுச்சென்றவற்றுள் நீடித்து நிற்பது, வாக்காளர் பட்டியலே இல்லாமல் நடந்த வாக்கெடுப்பில் நிறைவேறிய 1980 அரசியல் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டது. மேலவையில் நியமன உறுப்பினர் முறை 2005 திருத்தத்தில் ஒழிக்கப்பட்டது. மெட்ரோ ரயில் கட்டணத்தின் 30 பெசோ உயர்வில் தொடங்கி 2019 அக்டோபரில் வெடித்த போராட்டத்தில், இது 30 பெசோவுக்காக அல்ல, 30 ஆண்டுகளுக்காக என்று, 1990க்குப் பிந்தைய காலத்தைச் சுட்டும் முழக்கம் எழுந்தது. மறு ஆண்டு வாக்கெடுப்பில் 78 விழுக்காட்டினர் புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்றனர். ஆயினும் இடதுசாரிகள் முன்னின்று எழுதிய வரைவை 2022இலும், வலதுசாரிகள் எழுதிய வரைவை 2023இலும் அதே மக்கள் நிராகரித்ததால், பினோசெட் காலத்துச் சட்டமே திருத்தங்களுடன் இன்றும் நடப்பில் உள்ளது.

அப்போதும் கண்டறியப்படாதிருந்த 1,162 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தேடும் பொறுப்பை முதன்முறையாக அரசே ஏற்கும் தேசியத் தேடல் திட்டத்தை, அதிபர் கேப்ரியல் போரிச் 2023 ஆகஸ்டில் தொடங்கினார். அவரையடுத்து 2025 டிசம்பர் தேர்தலில் வென்ற ஹோசே அந்தோனியோ காஸ்ட், 1988இல் பினோசெட்டுக்கு ஆதரவாகப் பிரச்சாரம் செய்தவர். தண்டிக்கப்பட்டுப் புந்தா பெவுகோ சிறையில் அடைக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினரை முதுமையைக் காட்டி விடுவிக்க வேண்டும் என்று வலதுசாரிகள் பலர் கோருகின்றனர்; உடல்கள் எங்கே என்று முதலில் சொல்லட்டும் என்கின்றனர் உறவினர்கள்.