அலுமினியப் பாத்திரமும் அரசுப் பணமும்

மலர்க் குழுவினர் "ஹாஸ்டல் நாட்களைப் பத்தி ஏதாவது எழுதுங்க சார்" என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் வார்டன் சைக்கிளைப் பற்றியும் எழுத என் வகுப்புத் தோழர்கள் பலர் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் கிளம்பி, ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாத ஒரு கேள்வியைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை.

நம்மில் மெக்கானிக்கல் படித்த எல்லோருக்கும் இது நினைவிருக்கும். எம்.எஸ். பிளாட் ஒரு துண்டு கொடுப்பார்கள். வைஸில் மாட்டி, அரம் போட்டு, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் பார்த்து, கை காய்த்துப் போகும்வரை தேய்ப்போம். இன்ஸ்ட்ரக்டர் வாங்கிப் பார்த்து, நம்பர் பஞ்ச் அடித்து, மார்க் போட்டு, ஸ்கிராப் பெட்டியில் எறிவார். எங்கள் பேட்ச்சில் ஒருவன் கேட்டேவிட்டான்: "சார், இதையே ஒரு கதவுக் கீலா செஞ்சா யாருக்காவது உதவுமே?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இது படிக்கற இடம். விக்கற இடம் இல்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நீளமான சரித்திரம் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அரசாங்கப் பணத்தில் தொழில் சொல்லித் தரலாம், ஆனால் தொழில் செய்யக் கூடாது என்ற கோடு நம் சென்னை மாகாணத்திலேயே, ஒரு அலுமினியப் பாத்திரத்தை வைத்துக் கிழிக்கப்பட்டது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் இந்தியாவில் உதவி மானியம் என்ற ஏற்பாட்டுக்கு வித்து. தனியார் நடத்தும் பள்ளிக்கும் சர்க்கார் பணம் உண்டு, ஆனால் சர்க்கார் விதிக்கும் நிபந்தனைக்குப் பள்ளி உட்பட வேண்டும். மானியம் தரும் எந்த விதிக்கும் இன்றுவரை எலும்புக்கூடு இதுதான். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் புத்தகப் படிப்புக்கே போயிற்று. கைத்தொழில் என்று பார்த்தால், டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850-ல் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப் பள்ளிதான் கண்ணில் படுகிறது. இரண்டாண்டு கழித்து அதை சர்க்கார் எடுத்துக்கொண்டது. எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுவே. 1886-ல் சென்னை அரசு அறிவியல், கலை, தொழில், வணிகம் ஆகியவற்றுக்கு ஒரு தேர்வுத் திட்டம் கொண்டுவந்தது. பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுப்பது சர்க்காருக்கு எப்போதுமே பிடித்த வேலை. செலவு குறைவு, கணக்கும் சுத்தம். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டிய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1886 ஞாபகம் வரும்.

கதை சூடு பிடிப்பது ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்ற மனிதரால். 1888-ல் கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். கலைப் பள்ளியின் பொறுப்பில் இருந்தபோது, 1898-ல், அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். அப்போது அலுமினியம் புது உலோகம். மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழி 1886-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் விலை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஊர் கன்னார்களோ பித்தளையிலும் செம்பிலும் கைதேர்ந்தவர்கள். அந்தக் கையிலேயே புது உலோகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார் சாட்டர்ட்டன். பாத்திரம் வந்தது. ஜனங்கள் வாங்கினார்கள். சர்க்கார் பணத்தில் நடந்த பட்டறை காசு பார்க்க ஆரம்பித்தது. இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டறையை சர்க்கார் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. தொழில் நிலைத்ததும், 1903-ல், இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.

அடுத்து அவர் தோலைக் கையில் எடுத்தார். குரோம் முறையில் பதனிட்ட தோல் தண்ணீரில் சீக்கிரம் கெடாது. கமலை இறைக்கும் கிணறுகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சேலத்தில் ஒரு நெசவாலை. கிணற்றுக்கு ஆயில் என்ஜின் பம்பு. ஒவ்வொன்றிலும் ஒரே முறைதான்: சர்க்கார் முதல் போடும், நஷ்டம் வந்தால் தாங்கும், ஆட்களைப் பழக்கும், வழி தெளிந்ததும் தனியாரிடம் விட்டுவிடும். பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் ஒரே கூரையின் கீழ். சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

1908-ல் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு கூடியது. தொழில்களுக்கென்று தனித் துறையும் அதற்கு ஒரு இயக்குநரும் வேண்டும் என்று முடிவாயிற்று. சென்னை அரசு ஆதரித்தது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகள் எதிர்த்தார்கள். எங்கள் வரிப்பணத்திலேயே எங்களுக்குப் போட்டியா என்பது அவர்கள் வாதம். விஷயம் லண்டன் போனது. இந்திய மந்திரியாக இருந்தவர் மார்லி பிரபு. கிளாட்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், தாராள வாணிபக் கொள்கையில் ஊறியவர். 1910 ஜூலையில் அவர் அனுப்பிய உத்தரவின் சாரம் இது: புதிய முறைகளை ஜனங்களுக்குப் பழக்கிக் காட்டச் சர்க்கார் பணத்தைச் செலவிடலாம், அதற்கு மேல் ஒரு அடியும் போகக் கூடாது. அந்தப் புதுமை லாபம் தருமா என்று காட்டுவதைத் தனியார்தான் செய்ய வேண்டும்.

மார்லியின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கஜானாவைப் பின்னால் வைத்துக்கொண்டு விலை குறைத்து விற்கும் சர்க்காரோடு எந்த வியாபாரி போட்டி போட முடியும்? ஆனால் சென்னையில் அப்போது போட்டிக்கே ஆள் இல்லை என்பதுதான் விஷயம். முதல் போடத் துணிந்தவன் இருந்திருந்தால் சாட்டர்ட்டனுக்கு அங்கே என்ன வேலை? அதோடு, எதுவரை பயிற்சி, எதிலிருந்து வியாபாரம் என்ற எல்லையை மேஜையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். பட்டறையில் நின்று பார்த்தால் அது தெரியவே தெரியாது. பதனிட்ட தோல் சந்தையில் விலை போகுமா என்பதைத் தெரிந்துகொள்வதும் பயிற்சியில் சேர்ந்ததுதானே!

துறை கலைந்தது. சேலம் நெசவாலை மூடப்பட்டது. சாட்டர்ட்டன் 1912-ல் மைசூருக்குப் போய்விட்டார். மைசூர் சமஸ்தானம், அங்கே மார்லியின் விதி செல்லாது. திவான் விஸ்வேஸ்வரய்யா. அந்தக் கூட்டணியின் காலத்தில்தான் 1916-ல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை பிறந்தது. சர்க்கார் பணம், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சி, விற்பனை எல்லாம் ஒன்று சேர்ந்த காரியம் அது. மைசூர் சாண்டல் சோப்பை முகர்ந்து பார்க்கும்போது, இந்த வாசனை சென்னையிலும் வீசியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (சந்தன மரம் அதிகம் அங்கேதான் என்று கன்னட நண்பர் ஒருவர் சொல்வார். அதுவும் சரி.)

முதல் உலக யுத்தம் வந்து கப்பல்கள் நின்றபோதுதான், ஒரு ஆணிக்கும் சீமையை நம்பியிருக்கிறோம் என்பது டில்லிக்கு உறைத்தது. 1914-லேயே சென்னையில் தொழில் துறை மீண்டும் வந்துவிட்டது. 1916-ல் இந்தியத் தொழில் கமிஷன் அமைந்தது. தலைவர் தாமஸ் ஹாலண்ட். உறுப்பினர்களில் மதன் மோகன் மாளவியா, தொராப்ஜி டாட்டா, அவர்களோடு நம் சாட்டர்ட்டன்! 1918-ல் வெளிவந்த அறிக்கை, மார்லியின் உத்தரவு மாகாண முயற்சிகளை முடக்கிப்போட்டதை மறைக்கவில்லை. அதே 1916-ல் சென்னை பிராட்வேயில் தொடங்கிய அரசு தொழிற்பள்ளிதான் 1946-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆயிற்று. தரமணிப் பக்கம் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொழிலுக்கு சர்க்கார் கடன் கொடுக்க 1922-ல் சென்னையில் ஒரு சட்டமே வந்தது.

ஆனால் ஒன்று நடந்துபோயிற்று. தொழிலுக்குத் தருவது ஒரு பை, தொழிற்கல்விக்குத் தருவது வேறு பை என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. மார்லி போனார், அவருடைய விதியும் போனது, ஆனால் இந்தப் பிரிவு மட்டும் தங்கிவிட்டது என்பது என் கருத்து.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. நாம் ஐ.டி.ஐ. என்று சொல்கிறோமே, அது. 1956-ல் நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. 1969 ஏப்ரல் முதல் அந்தப் பங்கும் போய், மாநிலங்களுக்கு மொத்த மானியத்தோடு சேர்ந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் இது சின்ன மாற்றம். பட்டறையில் இது எப்படி இருந்தது என்பதை நான் பிற்காலத்தில் வேலை பார்த்த இடத்தில் கண்டேன். லேத் வாங்க ஏதாவது திட்டத்தில் பணம் வரும். அந்த லேத்தில் மாட்ட ராடு வாங்கப் பணம் வராது. ஒன்று ஒருமுறைச் செலவு, மற்றது தொடர் செலவு. திறப்பு விழா ஒருமுறைச் செலவுக்குத்தானே நடக்கும்!

அந்த இடத்தின் கார்பென்ட்ரி ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் வந்தார். "அறுபது பெஞ்சு வேணும். மரத்துக்கும் கூலிக்கும் காசு கொடுத்துடறோம். உங்க பசங்க செஞ்சு தரலாமே?" பையன்களுக்கும் ஒரே உற்சாகம். டவ்டெயில் ஜாயிண்டை வெட்டி வெட்டிக் குப்பையில் போட்ட கைகள் அல்லவா! ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார்: "அவங்க கொடுக்கற காசை செலான் போட்டு கருவூலத்துல கட்டணும். அதுலேர்ந்து மரம் வாங்க முடியாது. மரம் நம்ம கண்டின்ஜென்சிலதான் வாங்கணும். கண்டின்ஜென்சில இருக்கறது முன்னூத்து சொச்சம். மீறிச் செஞ்சா ஆடிட் அப்ஜெக்‌ஷன்." தலைமையாசிரியர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சூப்பரின்டெண்டென்ட் மேல் குற்றமில்லை. அரசின் வருவாய் எல்லாம் தொகுப்பு நிதியில் சேர வேண்டும், சட்டமன்றம் அனுமதிக்காமல் அதிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 266-ஆவது பிரிவு. மக்கள் பணத்துக்கு அது அவசியமான வேலி. மார்லி பிரபுவுக்கும் இந்தப் பிரிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பெஞ்சு செய்ய முடியாமல் நின்ற அந்தப் பையன்களுக்கு எந்த வேலி தடுத்தால் என்ன?

விதி எல்லாமே தடுப்பதற்குத்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சியைத் தொழிற்சாலைக்குள்ளேயே கொண்டுபோயிற்று. 1973-ல் திருத்தி, டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். உதவித்தொகையில் பாதி மத்திய அரசு, பாதி கம்பெனி. இந்த மலரைப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த ஒரு வருடத்தில்தான் உண்மையான வேலை கற்றோம்! அங்கே நாம் தேய்த்த ஜாப் ஸ்கிராப் பெட்டிக்குப் போகவில்லை, ஒரு இயந்திரத்துக்குள் போயிற்று. அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

1991-ல் பாலிடெக்னிக்குகளுக்கான உலக வங்கித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடும் சேர்ந்தது. புது இயந்திரங்கள், கம்ப்யூட்டர்கள் வந்தன. அதை அனுபவித்த பேட்ச்காரர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். 2023-ல் தொடங்கி 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. எல்லாம் வைத்த மையங்கள் டாட்டா டெக்னாலஜிஸ் கூட்டில் வந்திருக்கின்றன. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

விதியைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 2007-ல் நடந்தது. நாடு முழுக்க 1,396 அரசு ஐ.டி.ஐ.களைத் தனியார் பங்களிப்போடு மேம்படுத்த மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் குழு, தொழிலதிபர் ஒருவர் தலைவர், குழு ஒரு சங்கமாகப் பதிவாக வேண்டும். பணம் அரசின் கஜானாத் தலைப்பில் வராமல் அந்தச் சங்கத்தின் கணக்குக்கே வரும். சங்கம் ஈட்டும் வருமானத்தையும் அதுவே வைத்துக்கொள்ளலாம். 266-ஐத் தொடாமல் வேலிக்குப் பக்கத்தில் ஒரு கதவு வைத்துவிட்டார்கள்! நம் தலைமையாசிரியரின் அறுபது பெஞ்சு இந்தக் கதவு வழியாகத் தாராளமாக வெளியே போயிருக்கும்.

ஆனால் ஐ.டி.ஐ. ஒன்றுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் என்ற அந்தத் தொகை மானியம் அல்ல, வட்டியில்லாக் கடன். முதல் பத்தாண்டுக்குத் தவணை கிடையாது. அதன்பின் 20 ஆண்டில் சம தவணையாகக் கட்ட வேண்டும் என்பது விதி. வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் வருகிறது. சாட்டர்ட்டனிடம் சம்பாதிக்காதே என்றது சர்க்கார். இன்று நாலு டிரேடு வைத்திருக்கும் ஒரு தாலுகா ஐ.டி.ஐ.யிடம் சம்பாதித்துக் கட்டு என்கிறது. அதற்கு எத்தனை பெஞ்சு செய்ய வேண்டும் என்று, இப்போது கணக்கியலும் பாடமாகப் படிக்கும் நம் மூன்றாமாண்டு மாணவர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும். மரம் என்ன விலை என்பதை நான் சொல்கிறேன்.