மொலியர்: திரைப்படமும் வரலாறும்

1645ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இருபத்துமூன்று வயது நடிகர் ஒருவர் பாரிஸ் நகரின் சாத்லே சிறையில் அடைக்கப்பட்டார். அரங்கிற்கு ஒளியூட்டிய மெழுகுதிரிகளின் விலையைக்கூட அவரது நாடகக் குழுவாற் செலுத்த இயலவில்லை. அவ்விளைஞரே பின்னாளில் மொலியர் எனப் புகழ்பெற்ற ஜான் பாப்தீஸ்த் பொக்லன். சிறைமீண்டபின் சில மாதங்கள் அவர் யாது செய்தார் என்பதற்குச் சான்றில்லை. லோரன் திரார் நெறிப்படுத்தி 2007இல் வெளிவந்த 'மொலியர்' என்னும் திரைப்படம் இம்மௌனத்திலிருந்தே தொடங்குகின்றது.

ஜூர்தேன் என்னும் செல்வர் மொலியரின் கடனைத் தீர்க்கிறார். கைம்மாறாகத் தமக்கு நடிப்புக் கற்பிக்குமாறு கேட்கிறார். தார்த்தூஃப் என்ற பெயரில், சமயகுருவின் வேடத்தில் அவரில்லம் புகும் மொலியர், செல்வரின் மனைவி எல்மீரிடம் மனம் பறிகொடுக்கிறார். இப்பெயர்கள் யாவும் மொலியரின் நாடகங்களில் வருவனவே. எனவே, வாழ்க்கையிலிருந்து நாடகம் பிறந்ததாகத் திரைப்படம் கூறினும், உண்மையில் நாடகங்களிலிருந்தே ஒரு வாழ்க்கை புனையப்பட்டுள்ளது. புனைவு என்ற அளவில் அது சுவையானதே. ஆயின், மேதைமையின் ஊற்று ஒரு காதல் நிகழ்ச்சியே என்னும் கருத்து வரலாற்று நோக்கில் ஏற்கத்தக்கதா?

சான்றுகள் வேறொன்றை உணர்த்துகின்றன. 1643இல் மொலியருடன் இணைந்து குழுவை நிறுவியவர் மதலேன் பெஜார் என்னும் நடிகை. கடனிலும், ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகால மாகாணப் பயணத்திலும் அவர் உடனிருந்தார். 1658இல் பாரிஸ் மீண்ட குழு, இத்தாலிய நடிகருடன் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்டது. அவர்களது நகைச்சுவை மரபு மொலியரின் ஆக்கங்களிற் படிந்தது. 1668இல் மேடையேறிய 'கருமி' பண்டை உரோம நாடகாசிரியர் புளோட்டசுக்குக் கடன்பட்டது. குழுவின் நடிகர் லா கிராஞ்சின் பதிவேடு, 1659 முதல் மேடையேறிய நாடகங்களையும் வசூலையும் நடிகரின் பங்கையும் குறித்துவைத்துள்ளது. ஒரு கூட்டத்தின் நெடுநாளைய உழைப்பையே இவையாவும் காட்டுகின்றன. திரைப்படத்திலோ மதலேன் சிறு பாத்திரமாக ஒதுங்கிவிடுகிறார்.

பிறிதொரு குறையும் உண்டு. திரைப்படத்தில் தார்த்தூஃப் என்பது காதலுக்கு உதவும் வேடம் மாத்திரமே. வரலாற்றிலோ அது பெரும் போராட்டத்தின் பெயர். பக்தி வேடதாரியை எள்ளிய அந்நாடகம் 1664இல் வெர்சாயில் நடிக்கப்பட்டதும் தடைசெய்யப்பட்டது. 1667இல் மாற்றியமைக்கப்பட்டும் மீண்டும் தடையுண்டது; நடிப்போரையும் பார்ப்போரையும் படிப்போரையும் திருச்சபையினின்று விலக்குவதாகப் பாரிஸ் பேராயர் எச்சரித்தார். 1669இலேயே அனுமதி கிடைத்தது. 1673 பெப்ரவரி 17ஆம் நாள், 'கற்பனை நோயாளி'யில் நடித்துவிட்டு வீடு சென்ற மொலியர் அன்றிரவே மறைந்தார். நடிப்புத் தொழிலைத் துறக்காது இறந்தவரென்பதால் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மன்னன் தலையிட்ட பின்னரே அவர் இரவிற் புதைக்கப்பட்டார். 1658உடன் கதையை நிறுத்திக்கொண்ட திரைப்படத்திற்கு இவற்றைக் காட்டும் தேவை எழவில்லை.

அரியான் முனூஷ்கின் 1978இல் அளித்த நான்கு மணிநேரத் திரைப்படம், நாடகக் குழுவின் வாழ்வையே நடுவண் வைத்தது. அதனோடு ஒப்பிடுகையில் திராரின் படம் இனியது, எனினும் எளியது. கலைஞனின் வாழ்வைக் காதலால் விளக்குவது எளிது. உடன் உழைத்தோரையும் எதிர்த்து நின்ற அதிகாரத்தையும் அவ்விளக்கம் மறைத்துவிடுமாயின், கலைஞனைப் போற்றுவதாக எண்ணி அவனைச் சிறுமைப்படுத்தியவராவோம். மொலியரின் நகைப்புக்குப் பின்னே ஒரு பெண்ணின் புன்னகை இருந்திருக்கலாம். கடனும் தடையும் தோழமையும் இருந்தன என்பதோ உறுதி.