விமானத்திலிருந்து விழுந்தால் உயிர் பிழைக்க முடியுமா? கவச உடை காப்பாற்றுமா? டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

வேளாங்கண்ணி கடற்கரையில் இருந்து மேற்கே சுமார் 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரி 20-ஆம் தேதி இங்கு சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அதனால் டெல்டா மக்களுக்குப் போர் விமானச் சத்தம் புதுசு இல்லை. அந்தச் சத்தம் கேட்கும்போது பலருக்கும் வரும் கேள்வி இதுதான்: அவ்வளவு உயரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர் எப்படித் தப்பிப்பார்? உடம்பு முழுக்கக் கவசம் போட்டுக்கொண்டு குதித்தால் பிழைக்க முடியுமா?

விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு வேகத்தில் விழுவோம்?

உயரம் கூடக் கூட விழும் வேகமும் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கிறோம். ஆனால் அப்படி இல்லை. விழத் தொடங்கி சுமார் 12 விநாடிகளில், அதாவது ஏறக்குறைய 450 மீட்டர் இறங்குவதற்குள், காற்றின் எதிர்ப்பும் புவியீர்ப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. கை, கால்களை விரித்து விழும் ஒருவரின் வேகம் மணிக்கு சுமார் 195 கி.மீ. ஆக, 500 மீட்டரில் இருந்து விழுந்தாலும் 5,000 மீட்டரில் இருந்து விழுந்தாலும் தரையைத் தொடும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கவச உடை ஏன் காப்பாற்றாது?

ஆளைக் கொல்வது வேகம் இல்லை. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் விஷயம். பஸ் மெதுவாக பிரேக் பிடித்தால் லேசாக ஆடுவோம். அதே பஸ் மரத்தில் மோதி நின்றால்?

உடலைச் சுற்றி 30 செ.மீ. தடிமனுக்கு மெத்தை மாதிரி உடை அணிந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். 195 கி.மீ. வேகம் அந்த 30 செ.மீ.க்குள் நிற்க வேண்டும். அப்போது உடல் தாங்க வேண்டிய விசை, உடல் எடையைப் போல சுமார் 500 மடங்கு. இதை 500 ஜி என்பார்கள். 1954-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் வண்டியில் பெல்ட் கட்டி உட்கார்ந்து தன் உடம்பிலேயே சோதனை செய்தார். அவர் தாங்கியது சுமார் 46 ஜி. அதற்கே கண்களில் ரத்தம் கட்டி, தற்காலிகமாகப் பார்வை மங்கியது.

வெளியே இரும்புக் கவசம் உடையாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் மூளை, இதயம், ரத்தக் குழாய்கள் அதே வேகத்தில் முன்னால் பாயும். அதனால் எலும்பு உடையாவிட்டாலும் உயிர் போய்விடும்.

நடவு வயலிலோ கடலிலோ விழுந்தால்?

"சேத்துல விழுந்தா அடிபடாது" என்று சொல்வது உண்டு. மாட்டு வண்டியில் இருந்து விழுந்தால் அது சரி. நடவு வயலில் சேறு ஒரு அடி ஆழம் இருக்கலாம். அந்த ஒரு அடியும் மேலே சொன்ன 30 செ.மீ. கணக்கும் ஒன்றுதான்.

கடலும் கைகொடுக்காது. இந்த வேகத்தில் மோதும்போது தண்ணீருக்கு விலகி வழிவிட நேரம் இருக்காது. கான்கிரீட் தரையில் மோதியது போலத்தான் அடி விழும்.

5 மீட்டர் உயர வைக்கோல் போர் என்றால்? நேராக அதன் மேலேயே விழுந்து, அது சீராக அமுங்கினால், விசை சுமார் 30 ஜி-யாகக் குறையும். பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வானத்தில் இருந்து பார்த்தால் வைக்கோல் போர் ஒரு புள்ளி. அதைக் குறி பார்த்து விழுவது நடக்கிற காரியம் இல்லை.

அப்படியும் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். 1944 மார்ச்சில் பிரிட்டன் வீரர் நிக்கோலஸ் ஆல்கமேட், தீப்பிடித்த குண்டுவீச்சு விமானத்தில் இருந்து பாராசூட் இல்லாமல் சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் குதித்தார். பைன் மரக் கிளைகளும் அடியில் இருந்த பனியும் அவர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தன. 1972-இல் யுகோஸ்லாவியா விமானப் பணிப்பெண் வெஸ்னா வுலோவிச், 10,160 மீட்டர் உயரத்தில் உடைந்த விமானத்தின் ஒரு பகுதிக்குள் சிக்கியபடி விழுந்து உயிர் பிழைத்தார். இவை அபூர்வமான நிகழ்வுகள்.

திட்டமிட்டுச் செய்தவர்களும் உண்டு. 2012-இல் பிரிட்டனின் கேரி கானரி, இறக்கை உடையுடன் பறந்து வந்து சுமார் 18,600 அட்டைப் பெட்டிகளின் மேல் இறங்கினார். 2016-இல் அமெரிக்காவின் லூக் ஐகின்ஸ் 25,000 அடி உயரத்தில் இருந்து பாராசூட் இல்லாமல் குதித்து, தரைக்கு மேலே கட்டியிருந்த பெரிய வலையில் விழுந்தார். இரண்டு பேருக்கும் அடி படாமல் காத்த ஏற்பாடு உடம்பில் இல்லை, தரையில் இருந்தது.

அப்படியென்றால் எதுதான் காப்பாற்றும்?

தரையில் ஏற்பாடு செய்ய முடியாதபோது வேகத்தை வானத்திலேயே குறைக்க வேண்டும். அதைச் செய்வதுதான் பாராசூட். விரிந்த பாராசூட்டில் இறங்கும் வேகம் விநாடிக்கு சுமார் 6 மீட்டர். ஆறடி மதில் சுவரில் இருந்து குதிப்பது போலத்தான் இருக்கும்.

போர் விமானத்தில் எழுந்து கதவைத் திறந்து குதிக்க நேரம் கிடைக்காது. அதற்காகத்தான் எஜெக்ஷன் சீட். விமானி கைப்பிடியை இழுத்ததும் மேல்மூடி விலகும், சீட்டுக்கு அடியில் இருக்கும் ராக்கெட் சீட்டோடு ஆளை வெளியே தள்ளும், பிறகு சீட் பிரிந்து பாராசூட் விரியும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். சுகோய்-30-இல் இருப்பது போன்ற நவீன சீட்டுகள், விமானம் ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்தாலும் வேலை செய்யும். ஆனால் தாழ்வான உயரத்தில் விமானம் கவிழ்ந்தோ செங்குத்தாகவோ பாய்ந்தால் இந்த சீட்டுக்கும் நேரம் போதாது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

2025 நவம்பர் 14-ஆம் தேதி சென்னை தாம்பரம் அருகே விமானப்படையின் பி.சி.-7 பயிற்சி விமானம் விழுந்து நொறுங்கியது. எஜெக்ஷன் சீட் மூலம் வெளியேறிய விமானி உயிர் தப்பினார்.

2019 பிப்ரவரி 27-ஆம் தேதி மிக்-21 விமானத்தில் இருந்து இப்படித்தான் வெளியேறினார் தமிழ்நாட்டைச் சேர்ந்த அபிநந்தன் வர்தமான். பாகிஸ்தான் வசம் உள்ள பகுதியில் பாராசூட்டில் இறங்கிய அவர், மார்ச் 1-ஆம் தேதி வாகா எல்லை வழியாகத் திரும்பினார். அவர் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் காயம் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. ராக்கெட் வேகத்தில் மேலே தள்ளப்படும்போது முழு அழுத்தமும் முதுகெலும்பில்தான் இறங்கும்.

எல்லா விமானத்திலும் இந்த வசதி கிடையாது. 2015 ஜூன் 8-ஆம் தேதி இரவு, இதே சோழமண்டலக் கடலோரத்தில் ரோந்து சென்ற கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் காணாமல் போனது. டோர்னியரில் எஜெக்ஷன் சீட் இல்லை. அதில் இருந்த 3 பேரும் உயிரிழந்தனர். ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு, கடலில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில்தான் அந்த விமானத்தின் கருப்புப் பெட்டி கிடைத்தது.

பயணிகளுக்கு ஏன் பாராசூட் தருவதில்லை?

பயணிகள் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் நடுவானில் கதவைத் திறக்கவே முடியாது. 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தடுமாறும். வெளியே மைனஸ் 50 டிகிரி குளிர். விபத்துகளில் பெரும்பாலானவை நடப்பதும் புறப்படும்போதும் இறங்கும்போதும்தான். அந்த உயரத்தில் பாராசூட்டை மாட்டக்கூட நேரம் இருக்காது. பயணிகளுக்கு உண்மையான பாதுகாப்புக் கருவி சீட் பெல்ட்தான்.

உங்க ஊரில் விமானி இறங்கினால் என்ன செய்யணும்?

* அவர் முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம். தூக்கி உட்கார வைக்காதீங்க, தோளில் சுமந்து ஓடாதீங்க. படுத்த நிலையிலேயே விட்டு 108-க்குச் சொல்லுங்க.
* காற்றில் பாராசூட் இழுத்துக்கொண்டு போனால், துணியின் ஓரத்தை அமுக்கி மடக்குங்க.
* தனியாகக் கிடக்கும் சீட்டைத் தொடவே கூடாது. வெடிக்காத ராக்கெட் மருந்து அதில் மிச்சம் இருக்கலாம்.
* நொறுங்கிய விமானத்தின் பக்கத்தில் போய் செல்ஃபி, வீடியோ எடுக்காதீங்க. எரிபொருளும் புகையும் ஆபத்து. 112-க்குத் தகவல் கொடுங்க.
* கடலில் பார்த்த மீனவர்கள் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்குச் சொல்லலாம். விமானியைப் படகில் ஏற்றும் முன் பாராசூட் கயிறுகளை அறுத்து விடுங்க. நனைந்த பாராசூட் ஆளை உள்ளே இழுக்கும், கயிறு படகின் விசிறியிலும் சிக்கும்.