பாலித் தீவின் வசீகரம்: ஒரு சரித்திர விசாரம்

வெப்பமண்டலக் கடல்களில் தென்னையும் மணற்கரையும் வாய்க்காத தீவு அரிது. அவ்வாறிருக்க, உலகத்துப் பிரயாணிகள் தலைமுறை தலைமுறையாக இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பூலோக சுவர்க்கமென்று நாடிச் செல்வதற்கு இயற்கையின் சௌந்தரியம் ஒன்றே காரணம் என்று கொள்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டின் டச்சுக்காரர் கண்ணுக்குப் பாலி சுவர்க்கமாகத் தோன்றவில்லை. அடிமை வியாபாரமும் அபினியும் உடன்கட்டை ஏறும் வழக்கமும், ஓயாது தம்முள் பொருதும் சிற்றரசர்களும் மலிந்த முரட்டு நாடாகவே தோன்றிற்று.

அந்தச் சித்திரம் மாறியது ஒரு கோரத்துக்குப் பிறகுதான். 1904இல் சானூர்க் கரையில் தட்டிய ஒரு கப்பலின் சரக்கைக் குடிகள் கொள்ளையிட்டனர் என்று சொல்லி டச்சு அரசாங்கம் நஷ்டஈடு கோரியது. அப்பகுதியை ஆண்ட பாதூங் மன்னர் இணங்கவில்லை. 1906 செப்டம்பர் 20ஆம் தேதி டச்சுப் படை டென்பசார் நகருக்குள் நுழைந்தபோது, அரண்மனையிலிருந்து பல்லக்கில் மன்னரும், அவர் பின்னே வெள்ளுடை தரித்து, ஆபரணங்கள் பூண்டு, கிரீஸ் என்னும் குத்துவாளை ஏந்திய ஸ்திரீ புருஷர்களும் குழந்தைகளும் மௌனமாக வெளிவந்து, துப்பாக்கிகளை நோக்கி நடந்து, தம் கையாலும் எதிரி கையாலும் மடிந்தனர். மாதர் சிலர் தங்க நாணயங்களையும் நகைகளையும் சிப்பாய்கள்மீது விட்டெறிந்தனராம். ‘புபுத்தான்’, அதாவது முடிவு, என்று பாலி மக்கள் இதை வழங்குவர். 1908இல் குளுங்குங் சிற்றரசிலும் இதுவே நிகழ்ந்தது.

நெதர்லாந்திலேயே எழுந்த கண்டனத்துக்கு ஆளான ஆட்சியாளர், வென்ற தேசத்தின் புராதன சம்பிரதாயங்களைக் காப்பவராகத் தம்மைக் காட்டிக்கொள்ள முற்பட்டனர். இந்த மனமாற்றமே பாலியின் புகழுக்கு வித்து என்பது என் துணிபு. 1914க்குள் ஒரு கப்பல் கம்பெனியின் விளம்பரப் பிரசுரம் வந்துவிட்டது. 1920இல் கிரெகர் கிரௌசே என்ற ஜெர்மானிய வைத்தியரின் புகைப்பட நூல் வெளிவந்தது. 1928இல் பாலி ஹோட்டல், புபுத்தான் நிகழ்ந்த இடத்துக்கு வெகு அருகிலேயே, எழுந்தது. 1927இல் ரவீந்திரநாத தாகூரும் வந்து சென்றார். 1937இல் மெக்ஸிகோ ஓவியர் மிகேல் கோவருபியாஸின் நூல் அமெரிக்கர் மனத்தில் பாலியை நிலைநாட்டிற்று.

ஆனால் பாலிக் கலை அந்நியர் கண்ணுக்காகவே உண்டானது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. வட்டமாக அமர்ந்த ஆடவர் ‘சக், சக்’ என்று ஒலியெழுப்ப, நடுவே ராமாயணம் நடிக்கப்படும் கெச்சாக், 1930களில் ஜெர்மானியக் கலைஞர் வால்ட்டர் ஸ்பீஸும் பாலி நடனக்காரர் வாயன் லிம்பாக்கும் சேர்ந்து உருப்படுத்தியதுதான். எனினும் அதன் குரல், தெய்வம் ஆவேசிக்கும் சங்யாங் சடங்கிலிருந்து வந்தது.

விருந்தினருக்கு எதைக் காட்டலாம், எது சந்நிதிக்கே உரியது என்ற கேள்வி பாலி மக்களைப் பெரிதும் வருத்தியது. 1971இல் கூடிய ஒரு மகாநாட்டில் நடனங்களை மூவகையாகவே பிரித்து வைத்தனர். கோயிலில் தேவதைகளை வரவேற்கும் பெண்டெட் நடனம் பிரயாணிகள் முன் ஆடப்படுவது அபசாரம் என்று கருதி, 1960களின் பிற்பகுதியில் ‘பன்யெம்பிராமா’ என்ற வரவேற்பு நடனத்தைப் புதிதாக இயற்றினர். பெண்கள் புஷ்பத் தட்டேந்தி ஆடி, இறுதியில் மலர்களை விருந்தினர்மீது தூவுவர். சில ஆண்டுகளில் பாலிப் பெண்கள் அதையே கோயிலுக்கும் எடுத்துச் சென்று தெய்வத்தின் முன் ஆடத் தொடங்கினர்.