மே மாச வண்டும் தாத்தாவோட மல்லாட்டைக் கொல்லையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். மே மாசம் நல்லா ஒரு கோடை மழை பெஞ்சா, அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் தெருவிளக்கைச் சுத்திப் பழுப்பு வண்டுங்க மொய்க்கும். பொன்வண்டு மாதிரி அழகெல்லாம் கிடையாது. ஆனாலும் பிடிச்சு டிபன் பாக்ஸ்ல அடைச்சு, பண்ருட்டிப் பக்கம் தாத்தா ஊருக்குக் கொண்டுபோய், கொல்லை ஓரத்து வேப்பமரத்துல விட்டேன். அப்போ நமக்கு ஜீவகாருண்யம் ஜாஸ்தி :-)

அந்த வருஷம் தாத்தாவோட மல்லாட்டைச் செடி திட்டுத் திட்டா வாடிப்போச்சு. இழுத்தா வேர் இல்லாம கையோட வந்துச்சு. மண்ணைக் கிளறினா, வெள்ளையா, தடியா, சுருண்டு கிடக்கற வேர்ப்புழு. "இது எங்கேர்ந்துதான் வருதோ"ன்னார் தாத்தா. பக்கத்துல நின்ன எனக்கும் தெரியல.

இருபது வருஷம் கழிச்சு, ஆபீஸ்ல ஒரு ராத்திரி வெட்டியா உக்காந்திருந்தப்பதான் படிச்சேன். அந்தப் புழு, இந்த வண்டோட பிள்ளை!

ஐரோப்பாவுல இதோட உறவுக்கார வண்டு மே மாசம் கிளம்பறதால 'மே வண்டு'ன்னு பேரு. அது வளர மூணு நாலு வருஷம் ஆகும். நம்மூர்ல நிலக்கடலையையும் கரும்பையும் படுத்தற ஹோலோட்ரிக்கியா செர்ரேட்டாவுக்கு ஒரே வருஷம். 1781-ல இதுக்குப் பேர் வெச்சவர் ஃபப்ரீசியஸ். (தமிழ் அகராதி போட்ட ஃபப்ரீசியஸ் இல்லீங்க, இவர் லின்னேயஸோட சிஷ்யர்.) வெறும் கண்ணால பார்த்தா இந்தக் குடும்பத்து வண்டுங்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆண் வண்டோட இனப்பெருக்க உறுப்பு அமைப்பை வெச்சுத்தான் நிபுணர்கள் இனத்தை உறுதி பண்றாங்க. புழுவுக்கு, வால் பக்கம் அடியில இருக்கற முள் வரிசை.

கதை இப்படிப் போகும். மழை பெஞ்சதும் வண்டு வெளிய வந்து வேம்பு, முருங்கை, இலந்தை இலையைத் தின்னும். விடியறதுக்குள்ள திரும்ப மண்ணுக்குள்ள போயிடும். அங்கேயே முட்டை. பத்துப் பன்னிரண்டு நாள்ல புழு. ரெண்டு தடவை தோல் உரிச்சு, பெருசாகப் பெருசாக வேரைத் தின்னும். அப்புறம் கூட்டுப்புழு. வருஷக் கடைசியிலயே வண்டா மாறிடும், ஆனா வெளிய வராது. அடுத்த கோடை மழை வரைக்கும் உள்ளேயே காத்திருக்கும்.

எங்க ஊரே மண்ணைத் தோண்டினதால வந்த ஊரு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு போட்டப்போ கறுப்பா என்னமோ வந்துச்சு. 1956-ல நிறுவனம் வந்தாச்சு. 1957 மே 20-ல நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வெச்சார். அவ்வளவு ஆழத்துல கிடக்கற பழுப்பு நிலக்கரியைப் பத்திப் பள்ளிக்கூடத்துல ஒப்பிச்ச எனக்கு, அரை அடி ஆழத்துல என்ன இருக்குன்னு தெரியல.

நான் விட்ட இருபது வண்டால கொல்லை போயிருக்காது, அங்கேயே ஆயிரக்கணக்குல இருந்திருக்கும். ஆனா வைத்தியம் என் கையில இருந்துச்சு. முதல் மழை அன்னைக்கு ராத்திரி வேப்பங்கிளையை உலுக்கி, விழற வண்டைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில போடணும். நான் பிடிச்சது சரி, விட்டதுதான் தப்பு.

போன மே மாசம் மழை பெஞ்சதும் சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "டேய், டிபன் பாக்ஸ்ல கொண்டாந்து விட்டவனே நீதானேடா?"ன்னு சிரிச்சார். மறுநாள் காலையில அவரே கூப்பிட்டார். முக்கால் பக்கெட் வண்டாம்.

தாத்தாகிட்டதான் சொல்ல முடியல.