ரெய்டு 'ஆப்டிமல்' என்கிறது. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் நலமா?

அலுவலக சர்வரில் நான்கு ஹார்டு டிஸ்க், ரெய்டு 5. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது என்று நிம்மதியா இருப்போம். ஆனால் அந்த ஒன்று போனதே யாருக்கும் தெரியலைன்னா? சர்வர் ரூம் பூட்டிக் கிடக்கிறது, கன்ட்ரோலரின் பீப் சத்தம் ஏசி இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. இரண்டாவது டிஸ்க்கும் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது மிஞ்சுவது பேக்கப் மட்டும்தான், அதுவும் எடுத்து வைத்திருந்தால்.

ஏன் தெரிவதில்லை?

ஹார்டுவேர் ரெய்டு கன்ட்ரோலர், டிஸ்க்குகளுக்கும் லினக்ஸ் அல்லது விண்டோஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் தனி கார்டு. நான்கு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை 'ஸ்மார்ட்' என்ற பதிவில் குறித்து வைக்கிறது. ஆனால் லினக்ஸில் வழக்கம்போல ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டினால், கன்ட்ரோலர் காட்டும் அந்த மாய டிஸ்க்கைத்தான் விசாரிக்கும். அதனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

எப்படிக் கேட்பது?

மெகாரெய்டு கார்டுக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல் பெர்க்குக்கு பெர்க்சிஎல்ஐ, எச்பிஇ ஸ்மார்ட் அரேவுக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ என்று தனித்தனி மென்பொருள் உண்டு. ஸ்மார்ட்சிடிஎல்-லிலும் வழி இருக்கு: 'டி' ஆப்ஷனில் மெகாரெய்டு என்று எழுதி, கமா போட்டு, டிஸ்க்கின் எண்ணைக் கொடுத்தால், கேள்வி கன்ட்ரோலர் வழியாக அந்த டிஸ்க்குக்கே போகும்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த எண் ஸ்லாட் எண் அல்ல, கன்ட்ரோலர் கொடுத்த டிவைஸ் ஐடி. ஸ்லாட் 2-இல் இருப்பது டிவைஸ் 11 ஆகக்கூட இருக்கலாம். மாற்றிப் படித்து, ஏற்கெனவே ஒன்று போன ரெய்டு 5-இல் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் மொத்தமும் நின்றுவிடும். கழற்றும் முன் லொகேட் கட்டளை கொடுத்து, எந்த ஸ்லாட்டில் விளக்கு மின்னுகிறது என்று கண்ணால் பாருங்க.

எதைப் பார்க்கணும்?

'பாஸ்டு' என்ற ஒற்றை வார்த்தையை நம்ப வேண்டாம். சேட்டா டிஸ்க் என்றால் 5 (பழுதாகி மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை) ஆகிய வரிகள் முக்கியம். சாஸ் டிஸ்க்கில் 'குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்' எண்ணிக்கை. கன்ட்ரோலர் பட்டியலில் மீடியா எரர். ஒன்றிரண்டு இருந்து அப்படியே நின்றால் கவனித்தால் போதும். வாராவாரம் ஏறினால் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போடணும்.

கூகுள் 1 லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, எரர் இல்லாததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலை தவிர எந்த ஸ்மார்ட் அறிகுறியையும் காட்டவே இல்லை. ஆகவே ஸ்மார்ட் சுத்தமா இருக்கு என்பதற்காக பேக்கப்பை நிறுத்திடாதீங்க.

இன்னொன்று, பேட்ரோல் ரீட். டிஸ்க் மாற்றி ரீபில்டு ஓடும்போது மீதி டிஸ்க்குகள் முழுவதையும் படித்தாகணும். ஒளிந்திருந்த கெட்ட செக்டர் அப்போது தலைகாட்டினால் சிக்கல். அதை முன்கூட்டியே தேடிப் பிடிப்பதுதான் பேட்ரோல் ரீட். மெகாரெய்டில் இயல்பாக 168 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும். வேகம் குறையுதுன்னு யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துடுங்க.

தினமும் கையால் பார்ப்பது நடக்காத காரியம். ஸ்மார்ட்டி சேவையில் ஒவ்வொரு டிஸ்க்கையும் சேர்த்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்து, டெஸ்ட் மெயில் ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்க. அலர்ட் எல்லாம், வேலையை விட்டுப் போனவரின் இன்பாக்ஸில் குவிந்துகொண்டிருக்கலாம்.